குளியலறைத் தராசில் நின்ற விமானம்

எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரணதரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் சட்டை தைக்கக் கொடுப்பவர்களின் தோளளவும் கையளவும்தான். எங்கள் பங்குக் கோவில் மலருக்கு வெளிநாடு போய் வந்த யாராவது ஒரு கட்டுரை தரவேண்டும் என்று சிஸ்டர் கேட்டபோது, பின்வாங்கில், கடைசிப் பெஞ்சில், இருந்த ஒருவர் என் பெயரைச் சொல்லிவிட்டார். யாரென்று எனக்குத் தெரியும். படிப்பவர்கள் என் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் பின்வாங்கைத் திரும்பிப் பார்க்கலாம்.

நான் போனது கனடாவில் மொன்றியல் நகரத்துக்கு. என் தம்பி அன்ரன் அங்கே லாசால் என்ற பகுதியில் மனைவி றெஜினாவோடு இருக்கிறான். என்னைக் கூப்பிட்டது தம்பி இல்லை, றெஜினா. அவள் எனக்கு மச்சாள். நானும் அவளுக்கு மச்சாள். ஒருநாள் தொலைபேசியில் சுகம் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“உங்கட தம்பி பிளேன் ஓட்டுறார், மச்சாள். கூட்டாளிமாரோட சேந்து தாங்களே கட்டின பிளேன். நான் சொன்னாக் கேக்கிறார் இல்லை. நீங்கள் ஒருக்கா வந்து அதை விக்கச் சொல்லுங்கோ. உங்கட சொல்லைத் தட்டமாட்டார்.”

என் சொல்லை யாரும் தட்டியதில்லை என்பது உண்மைதான். நான் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை. சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால், அவர் பருத்துவிட்டார் என்று தெரிந்தாலும் பேசாமல் வாங்கி அவிழ்த்துத் தைத்துக் கொடுக்கிறவள் நான். ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல் ஓம் என்றேன்.

போய் இறங்கியபோது அங்கே செப்டெம்பர் மாதம். எங்கள் ஊர் மார்கழிக் குளிரை அவர்கள் வெயில் என்று சொல்லிக்கொண்டு அரைக்கைச் சட்டையோடு திரிந்தார்கள். விமான நிலையத்தில் தம்பியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலைமயிர் போய் வயிறு வந்திருந்தது. அவன் என்னைக் கண்டவுடனேயே அடையாளம் பிடித்துவிட்டான். அதற்குச் சந்தோசப்படுவதா என்று யோசித்துக்கொண்டே காரில் ஏறினேன்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சோறும் பாரை மீன் குழம்பும். மீன் இலங்கையிலிருந்து ஐஸ் கட்டியாக வந்ததாம். எங்கள் கடல் மீன் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கைகழுவப் போன இடத்தில், குளியலறை மூலையில் சதுரமாக ஓரிடம் மட்டும் நிறம் மங்காமல் இருப்பதைப் பார்த்தேன். நிறை பார்க்கும் தராசு இருந்த இடம் என்றாள் மச்சாள்.

“வீட்டுத் தராசையும் பிளேனுக்குக் கொண்டு போட்டார். இனி நானும் நீங்களும் எவ்வளவு பாரமெண்டு ஆண்டவருக்குத்தான் தெரியும்.”

தம்பி சிரித்துக்கொண்டே விளக்கினான். பெரிய விமானம் இல்லை. ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர் இருக்கலாம். இரும்புக் குழாயால் கூடு கட்டி, அதன்மேல் துணி போர்த்தியிருக்கிறது. சக்கரங்களுக்கு எருமைக்கன்று போலக் கொழுத்த ரயர்கள். ஓடுபாதை வேண்டாம், வடக்கே றோட்டே போகாத ஏரிக்கரைகளில், மணலிலும் சரளைக் கல்லிலும் இறங்கும். மீன் பிடித்துச் சுட்டுத் தின்றுவிட்டு வரலாம். இப்படி ஆட்கள் தாங்களே கட்டுகிற விமானங்களைப் பரிசோதனை விமானம் என்று சொல்கிறார்களாம்.

“ஆரில பரிசோதனை?” என்று மச்சாள் கேட்டுவிட்டு, எனக்கு இன்னும் ஒரு துண்டு மீன் போட்டாள். போடும்போது என்னைப் பார்த்த பார்வையில், எப்போது சொல்லப் போகிறீர்கள் என்ற கேள்வி இருந்தது.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். தம்பிக்குச் சென்ட் லோரன்ட்டில் விமானப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. மச்சாளுக்கு ஒரு கார்டெரியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில், சமையல். நான் நூல் வாங்கலாம் என்று பஸ் ஏறினேன். எதிர்த்திசைப் பஸ் என்பது ஆறு தெரிந்தபோதுதான் விளங்கியது. இறங்க மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று அடிக்காமலே இருந்தேன். கடைசித் தரிப்பிடத்தில் சாரதி எழுந்து வந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்தது பொன்ஜூர், மெர்சி என்ற இரண்டு சொற்கள். இரண்டையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியே இருங்கள் என்று கையால் காட்டி, திரும்பிப் போகும்போது ஏறிய இடத்திலேயே இறக்கிவிட்டார். எங்கள் ஊர் பஸ் என்றால் நான் யார் வீட்டுப் பிள்ளை, எதற்கு வந்தேன், ஏன் இன்னும் கலியாணம் முடிக்கவில்லை என்பதெல்லாம் முழு பஸ்ஸும் கேட்டு முடித்த பிறகுதான் இறக்கியிருப்பார்கள். அங்கே ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வெறிச்சென்றும் இருந்தது.

அன்று பின்னேரம் மச்சாள் ஒரு துண்டுத் துணி கொண்டுவந்தாள். சமைக்கிற குசினி யன்னலுக்குத் திரைச்சீலை தைத்ததில் மிச்சம். மஞ்சள் சூரியகாந்திப் பூப் போட்டது. ஒரு போத்தல் போகிற அளவில், வாயை நாடாவால் இழுத்துக் கட்டுகிற மாதிரி ஒரு பை தைத்துத் தரச் சொன்னாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. கையாலேயே தைத்து, நாடா நழுவாமல் நுனியில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். நான் தைக்கிற எல்லாப் பைகளுக்கும் அந்த முடிச்சுத்தான்.

சனிக்கிழமை தம்பி என்னை இல்-பிசார் என்ற தீவுக்குக் கூட்டிப் போனான். தீவு என்றால் எங்கள் தீவு மாதிரி இல்லை. பாலத்தில் ஏறி இறங்கினால் தீவு. பெரிய வளவுகள், சத்தமில்லாத வீடுகள். அங்கேதான் மார்செல் இருக்கிறார். தம்பியோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சுக்காரர், மனைவி இல்லை. மூன்றாமவர் கோகுல், சென்னைப் பையன், கம்பியூட்டர் வேலைக்கு வந்தவர். நிறைக் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு.

மார்செலின் கராஜுக்குள் போன நான் முதலில் கண்டது, அந்தப் பெரிய மனிதர் ஸ்திரிக்கைப் பெட்டியால் விமானத்தின் ஒரு கதவை அழுத்திக்கொண்டிருந்ததை. கூட்டின்மேல் ஒட்டிய துணி சூடு பட்டால் சுருங்கி மேளத் தோல் போல இறுகிவிடுமாம். இத்தனை வருடமாக நான் துணியை அழுத்திச் சுருக்கம் எடுக்கிறேன். இவர்கள் அழுத்திச் சுருக்குகிறார்கள்.

பின் இருக்கைக்கு உறை தைக்க வேண்டியிருந்தது. மார்செலின் தாயாருடைய பழைய தையல் மெசின் மூலையில் இருந்தது. அதன் முன்னால் இருந்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மெசினுக்கு முன்னால் இருக்கிறவளோடு யாரும் அதிகம் கதைக்க மாட்டார்கள். ஆனால் நான் மடித்துத் தைக்க விட்ட ஓரத்தைக் கோகுல் பாதியாக வெட்டச் சொன்னார். “ஒவ்வொரு கிராமும் கணக்கு அக்கா,” என்றார். மார்செல் பாரம் குறைக்கவென்று சாப்பாட்டுக் கரண்டியின் பிடியிலேயே ஓட்டைகள் போட்டு வைத்திருந்தார். பிறகு மூவரும் இருந்து, பன்றி இறைச்சி போட்ட போஞ்சி விதைக் குழம்பு ஒரு சட்டி, அதன்மேல் மேப்பிள் பாணி என்கிற மரப்பாகு, அரை றாத்தல் பாண் ஆளுக்கு என்று சாப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து மச்சாளிடம் இதைச் சொன்னேன்.

“கரண்டியில ஓட்டை போடுறதை விட்டுட்டு முதல்ல வயித்தைக் குறைக்கச் சொல்லுங்கோ,” என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து, கொழுத்த ரயர்கள் இரண்டையும் மார்செலின் பிக்-அப்பில் ஏற்றிக்கொண்டு விமானம் நிற்கிற வயலுக்குப் புறப்பட்டோம். இல்-பிசாரிலிருந்து அக்கரைக்குக் கோடைகாலத்தில் ஒரு சின்ன மிதவைப் படகு ஓடுகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிற படகு. நான்கைந்து கார் நிற்கலாம். இந்தியாவுக்கு ஓடிய தலைமன்னார்க் கப்பலைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எனக்கு அது விளையாட்டுச் சாமான் போல இருந்தது. நடு ஆற்றில் படகு ஒருமுறை ஆடியது. கட்டு அவிழ்ந்து ஒரு ரயர் கீழே குதித்து, துள்ளித் துள்ளி முன்னால் நின்ற காரை நோக்கி ஓடியது. ஒரு வயதான பெண்மணி, கையில் இருந்த ஐஸ்கிறீமை நக்கிக்கொண்டே, காலை நீட்டி அதை நிறுத்தினார். நிறுத்திவிட்டு மார்செலிடம் ஏதோ சொன்னார். “உன் மாட்டைக் கட்டி வை” என்றாராம். தம்பி சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அன்று யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மச்சாள் வீட்டுக் காரில் வந்து வயலில் இறங்கினாள், மட்டன் ரோல்ஸ் ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு. இதுவரை ஒருநாளும் அந்தப் பக்கம் கால் வைக்காதவள். சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னாள். தம்பி கையில் ஸ்பானரோடு, என்ன செய்வதென்று தெரியாமல், கலியாண வீட்டு மாப்பிள்ளை போல நின்றான். பிறகு மரத்தடியில் இருந்து நாங்கள் ரோல்ஸ் சாப்பிட்டோம். மார்செல் அதற்கும் மேப்பிள் பாணி ஊற்றினார். மச்சாள் மட்டும் விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அங்கேயே நின்றாள்.

விமானத்தை நானும் அன்றுதான் பார்த்தேன். வெள்ளையும் சிவப்பும். மூக்கை உயர்த்தி வாலைத் தரையில் பதித்து, குந்தியிருக்கிற நாய் போல நின்றது. கதவோரம் ஒரு தகடு இருந்தது. இந்த விமானம் வழமையான தரங்களுக்கு அமைய இல்லை, ஏறுகிறவர் அறிந்து ஏறவும் என்று அதில் எழுதியிருப்பதாகக் கோகுல் எனக்குத் தமிழில் விளக்கினார். விளக்காமல் விட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் முழுவதும் தம்பியிடம் சொல்ல முயன்றேன். ஒருநாள் அவன் தேத்தண்ணி ஊற்றும்போது, “அன்ரன்,” என்று தொடங்கினேன். “என்னக்கா?” என்று அவன் திரும்பினான். முகத்தைப் பார்த்தவுடன், “சீனி காணாது” என்றேன். அவன் இன்னும் இரண்டு கரண்டி போட்டான். குசினிக்குள் நின்ற மச்சாள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அவளுடைய பயம் எனக்குத் தெரியாததல்ல. அவளுடைய தகப்பன் பேசாலையிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

ரயர், புதிய இருக்கை, றேடியோ எல்லாம் பூட்டி முடிந்ததால் விமானத்தை மறுபடி நிறுக்க வேண்டியிருந்தது. முன் சக்கரங்கள் இரண்டின் கீழும் பெரிய தராசுகள். வாலை ஒரு மர மேசைமேல் தூக்கி வைத்து, அதன் கீழே மச்சாளின் குளியலறைத் தராசு. வாலில் பாரம் கூடினால் விமானம் மேலே போய் மூக்கைத் தூக்கிக்கொண்டு, பிறகு சொல் கேட்காமல் விழுந்துவிடுமாம். ஆகவே கோகுல் ஒவ்வொரு சாமானின் நிறையையும் முன்பே கூட்டி, வால் எவ்வளவு காட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். வெள்ளி பின்னேரம் நிறுத்தார்கள். வால் அதைவிடக் கூடக் காட்டியது.

மார்செல் தராசில் குற்றம் என்றார். வீட்டுத் தராசை நம்பி விமானம் கட்டுகிறோம் என்றாராம். தம்பிக்குத் தராசின்மேல் பாசம் வந்துவிட்டது. தான் ஏறிக் காட்டினான், கோகுலை ஏற்றினான், மார்செலையும் ஏற்றினான். தராசில் பிழை இல்லை. சனி காலை மறுபடி நிறுத்தால், கூடின பாரம் கொஞ்சம் குறைந்திருந்தது. கோகுல் தலையைப் பிடித்துக்கொண்டு புல்லில் இருந்தார். தானாகக் குறைகிற பாரத்துக்கு அவரிடம் கணக்கு இல்லை.

பின்னால் சாமான் வைக்கும் இடத்தின் துணிச் சுவரில் ஒரு ஸிப் இருந்தது. அதைத் திறந்து ரோர்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் மார்செல் அந்தச் சொல்லைச் சொன்னார். அன்ரன் றேடியோ வயர் இழுத்தபோது ஏதாவது ஆயுதத்தை, அதாவது ஸ்பானர் மாதிரி வேலைச் சாமானை, உள்ளே விட்டுவிட்டானோ என்று கேட்டாராம். அவர்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பழி இல்லை. குழந்தைச் சட்டையில் ஊசியை விட்டுத் தைத்தாயா என்று என்னைக் கேட்பது போல. தம்பியின் முகம் கறுத்துவிட்டது. தன் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஸ்பானராக எடுத்துப் புல்லில் பரப்பினான். ஒன்றும் குறையவில்லை. மார்செல் கையை விரித்தார். ஆனால் கேட்டது கேட்டதுதான்.

தம்பி கோகுலைப் பார்த்துத் தமிழில் சொன்னான்: “கோகுல், நான் விடுறன். என்ர பங்கை ஆரும் கேட்டா வித்துவிடுங்கோ. காணும்.”

நான் வந்த வேலை முடிந்துவிட்டது. ஒரு சொல்லும் சொல்லாமல் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மச்சாளிடம், விற்கப் போகிறான் என்று சொன்னால் போதும். ஆனால் ஸ்பானர்களைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கிற தம்பியைப் பார்க்க எனக்குச் சந்தோசம் வரவில்லை.

கோகுல் மெதுவாக அவன் பக்கத்தில் போனார். “அண்ணா, கோபத்துல முடிவு பண்ண வேணாம். வால் கிட்ட ஒரு ஓட்டை இருக்குல்ல, அதுல ஒரு தடவை கைய விட்டுப் பாத்துடலாம்.”

வாலின் கீழே உள்ளங்கை அளவு மூடி ஒன்று இருந்தது. அதைக் கழற்றினார்கள். தம்பியின் கை போகவில்லை, மார்செலின் கை கேட்கவே வேண்டாம், கோகுலின் கை முழங்கைக்கு முன்பே இறுகிவிட்டது. பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மண்ணில் முழங்கால் போட்டுக் கையை உள்ளே விட்டேன். இரும்புக் குழாய், ஒரு கம்பி, கம்பிக்குப் பக்கத்தில் ஈரமான துணி. துணியைத் தடவிக்கொண்டு போக, விரலில் ஒரு முடிச்சுத் தட்டுப்பட்டது. இரட்டை முடிச்சு.

“என்னக்கா, ஏதும் இருக்கோ?” என்று தம்பி கேட்டான்.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். மச்சாள் கேட்டது நடந்திருக்கும், அவளும் காட்டிக்கொடுக்கப்பட மாட்டாள். இப்போது நினைத்தால் நான் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. அந்தக் கம்பி என்ன வேலை செய்கிறது என்று தெரியாவிட்டாலும், அதற்குப் பக்கத்தில் போத்தல் கிடக்கக் கூடாது என்று மட்டும் பட்டது.

“இருக்கு,” என்றேன்.

போத்தல் ஓட்டையால் வராத பருமன். நாடாவைப் பிடித்து, அதன் கழுத்தை மட்டும் வெளியே இழுத்தேன். பகல் வெளிச்சத்தில் சூரியகாந்திப் பூக்கள் தெரிந்தன. தம்பி பார்த்தான். அவனுடைய குசினி யன்னலில் தினமும் பார்க்கிற பூக்கள். போத்தலில் என்ன இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் விளங்கியது. மொன்றியலுக்கு மேற்கே ஒரு குன்றில் மாதா கெபி, அதாவது மாதாவின் குகைக் கோவில், இருக்கிறது. கோடையில் எங்கள் ஆட்கள் எல்லோரும் போத்தல்களோடு போய்த் தீர்த்தம் எடுத்து வருவார்கள். மூடி சரியாக இறுகாததால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. அதுதான் தானாகக் குறைந்த பாரம். ரோல்ஸ் கொண்டுவந்த அன்று, நாங்கள் மரத்தடியில் இருந்தபோது, மச்சாள் ஸிப்பைத் திறந்து உள்ளே வைத்திருக்கிறாள். விமானம் வால் பதிந்து நின்றதால் போத்தல் சறுக்கிக் கடைசிவரை போய்விட்டது.

தண்ணீரை வெளியே ஊற்றினால்தான் போத்தலை நசுக்கி எடுக்கலாம் என்று கோகுல் மூடியைத் திருகப் போனார்.

“தீர்த்தத்தை நிலத்தில ஊத்தக் கூடாது,” என்று சொன்னேன். எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது.

தம்பி அதை மார்செலுக்குப் பிரெஞ்சில் சொன்னான். அந்தப் பெரிய மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு, பிக்-அப்புக்குப் போய்ப் புதிய வாளி ஒன்று எடுத்துவந்து, என் பக்கத்தில் முழங்காலில் நின்று ஒரு சொட்டும் சிந்தாமல் ஏந்தினார். ஏந்திக்கொண்டே கதைத்தார். அவருடைய தாயாரும் தகப்பனின் லொறியில் சூசையப்பர் சுரூபம் வைத்திருந்தாராம். ஆனால் திருகாணி போட்டுப் பூட்டியிருந்தாராம். பிறகு தம்பியின் தோளில் கையைப் போட்டு, ஆயுதம் என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். அந்தக் கம்பிதான் விமானத்தை மேலே கீழே போகச் செய்வது என்றும், போத்தல் அதில் இறுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கையால் காட்டினார். கையைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

தம்பி ஈரப் பையைப் பிடித்துக்கொண்டு ரயரில் சாய்ந்து இருந்தான். “இவள் இந்தப் பக்கம் எட்டியும் பாக்கமாட்டன் எண்டவள்,” என்றான்.

அப்போதுதான் சொன்னேன். “உன்னை இதை விக்கச் சொல்லச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டவள், அன்ரன். பதினைஞ்சு நாளா எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. ஆனா விக்கிற சாமானுக்குள்ள ஆரும் தீர்த்தம் வைப்பினமோ?”

“அப்ப என்னக்கா செய்யிறது?”

“என்னட்டைக் கேக்காதை. அவளிட்டைக் கேள்.”

அன்று இரவு அவன் பையைத் தோய்த்துக் காயவைத்து மடித்து, சாப்பாட்டு மேசையில் மச்சாளின் முன்னால் வைத்தான். சத்தம் போடவில்லை. கம்பியைப் பற்றி மட்டும் சொன்னான். மச்சாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பையைக் கையில் எடுத்தாள்.

“விக்கச் சொன்னது உண்மைதான். நீங்கள் மேல போறது எனக்குப் பயமில்லை. கீழ நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறதுதான் பயம். அம்மா கரையில நிண்ட மாதிரி என்னால நிக்க ஏலாது.”

“அப்ப நீயும் ஏறன்.”

“போங்கோ, எனக்கென்ன விசரே?” என்று சொல்லி எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனாள். ஆனால் ஞாயிறு காலை, எங்கள் இருவருக்கும் முந்திக் காரில் ஏறி இருந்தவள் அவள்தான்.

வயலில் மார்செல் அவளுக்காகவே காத்திருந்தார். மூக்குக்கு விடுகிற மருந்துக் குப்பி ஒன்றைக் கழுவி, வாளித் தீர்த்தத்தில் கொஞ்சம் அதில் நிரப்பி, முன் இருக்கையின் கீழே, பாரம் எந்தப் பக்கமும் சாயாத இடத்தில், பட்டி போட்டுப் பூட்டியிருந்தார். கோகுல் அதை நிறுத்துச் சாமான் பட்டியலிலும் சேர்த்திருந்தார்; தீயணைக்கும் குப்பிக்கும் கோடரிக்கும் நடுவில். மிச்சத் தீர்த்தத்தை மச்சாள் விமானத்தைச் சுற்றி வந்து தெளித்தாள். மார்செலின்மேலும் தெளித்தாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். வாலை மறுபடி நிறுத்தார்கள். கோகுலின் கணக்கும் தராசும் ஒன்றாக நின்றன. அவர் அந்தத் தராசைக் குனிந்து முத்தமிட்டார்.

முதலில் பின் இருக்கையில் ஏறுவது நான் என்று தம்பி சொல்லிவிட்டான். ஏறுமுன் நிறுக்க வேண்டுமாம். நாலு பேர் முன்னால் தராசில் ஏறுவதைவிட, வாலைப் பிடித்துக்கொண்டு தொங்கியே வந்துவிடலாம் என்று இருந்தது.

“அக்கா, நம்பர் நான் மட்டும்தான் பாப்பேன். வெளிய சொல்ல மாட்டேன்,” என்றார் கோகுல். மற்றவர்கள் ஒழுங்காகத் திரும்பி நின்றார்கள். அவர் பார்த்துவிட்டு, கைப்பையையும் கீழே வைக்கச் சொன்னார். அதற்குள் ஆறு ரோல்ஸ் இருந்தது. வழியில் பசித்தால் என்று எடுத்தது.

பறந்ததைப் பற்றி என்னால் அழகாக எழுத முடியாது. நான் தைத்த உறையில் நான் இருந்தேன். முன்னால் தம்பியின் வழுக்கைத் தலை. மாதாவே என்று சொல்லி முடிப்பதற்குள் ரயர்களின் சத்தம் நின்றுவிட்டது. கோவில் வளவு தூரம்கூட ஓடவில்லை. கீழே சோளக் காடு, பிறகு ஆறு, ஆற்றில் எங்கள் நிழல். நிழல் படகைத் தாண்டி, வீட்டுக் கூரைகளைத் தாண்டி, ஒருவரிடமும் அனுமதி கேட்காமல் ஓடியது. துணிக்கு வெளியே காற்று தட்டுவது முதுகில் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள் யாரும் என்னைப் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன். காதில் போட்டிருந்த கருவியால் அது தம்பிக்குக் கேட்டுவிட்டது.

“அக்கா, நீங்கள் சிரிக்கிறதை நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்,” என்றான்.

திரும்பி வரும்போது வயலைப் பார்த்தேன். மார்செலும் கோகுலும் மரத்தடியில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சாள் மட்டும் நாங்கள் புறப்பட்ட இடத்திலேயே, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். மேலிருந்து பார்க்க ஒரு குண்டூசி அளவு. நாங்கள் இறங்கி, விசிறி சுற்றுவது நின்ற பிறகுதான் கையை இறக்கினாள்.

என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, தம்பிக்குக் கேட்காமல், “என்ன மாதிரி மச்சாள், மேல?” என்று கேட்டாள்.

“கீழ நிக்கிறதைவிடச் சுகம்,” என்றேன்.

போகும்போது அவள் குளியலறைத் தராசைத் தானே தூக்கிக் காரில் வைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. மழை பெய்தது. தராசு அதன் மூலையில் திரும்ப வந்திருந்தது. மச்சாள் வேலைக்குப் போகுமுன், சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்று பார்த்தாள். எவ்வளவு என்று சொல்லவில்லை. பிறகு குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.